வாசல் வெளிச்சம்

11 ஜூன் 2024, செவ்வாய்

தொட்டி விளக்கு போய்விட்டது. காலையில் ஸ்விட்சைப் போட்டதும் நாலு டியூபும் ஒரு தடவை மினுக்கிவிட்டு அணைந்தன. கூடம் முழுக்க சோக்கு புகைந்த நாற்றம். ஆறு வருஷம் உழைத்திருக்கிறது, குறை சொல்லக் கூடாது. அடையாறு காஷிஃபுக்கு ஃபோன் போட்டேன். கடல் மீன் தொட்டிக்கு வேண்டிய சாமானெல்லாம் அவன் கடையில்தான் வாங்குகிறேன். "அந்த டியூப் வர்றதே இல்ல மேடம். எல்லாரும் எல்.ஈ.டி.க்கு மாறியாச்சு, நீங்கதான் பாக்கி" என்றான்.

மீன் இரண்டே இரண்டுதான். அவை எப்படியும் சமாளிக்கும். என் கவலையெல்லாம் பாறைமேல் இருக்கும் காளான் பவளத்தைப் பற்றித்தான். உயிருள்ள வில்லைகள். செடி மாதிரி வெளிச்சம்தான் அவற்றுக்குச் சாப்பாடு. மூன்றாக வந்தவை, பொங்கலன்று எண்ணினேன், அறுபத்தெட்டு. நடுவில் ஆனந்தா ப்ளூ, ஓரத்தில் மயில் கழுத்து. அந்த நீலத்துக்கு ஈடான துணி என் கடையிலேயே கிடையாது. தினமும் காலையில் காபியோடு அரை மணி நேரம் அதன் எதிரில் உட்கார்ந்தால்தான் கடையில் பத்து மணி நேரம் பேச முடிகிறது.

13 ஜூன்

கடையில் வாக்குவாதம். போரூரிலிருந்து ஒரு பெண், ஒரு கையில் பட்டுப்புடவை, இன்னொரு கையில் நேற்று என்னிடம் வாங்கிப்போன ரவிக்கைத் துணி. "புடவை நீலம் மேடம், நீங்க குடுத்தது பச்சை" என்கிறாள். இருபத்திரண்டு வருஷமாகத் தி. நகரில் மேட்சிங் சென்டர் நடத்துகிறவளிடம்! போன மாதம்கூட ஒருத்தி ஃபோனிலேயே "வெங்காயத்தோல், ஆனா கொஞ்சம் வாடினது" என்று சொல்ல, எடுத்து வைத்தேன். நேரில் வந்து புடவையோடு வைத்துப் பார்த்து அசந்துபோனாள்.

என் கடையில் ஒரே சட்டம்தான். விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்க்கக் கூடாது. புடவையையும் துணியையும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இன்றும் போனேன். இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. வானம் மூடிக்கிடந்தது, அதனால் இருக்கும். நேற்று மத்தியானமும் இப்படித்தான் மேகமாக இருந்தது. சண்டை வளர்க்காமல், அவளையே பார்த்துப் பொறுக்கி எடுக்கச் சொல்லி மாற்றிக் கொடுத்தேன்.

நேற்று காவேரி லீவு. பதினோரு வருஷமாகத் துணி வெட்டி மடித்துக் கொடுப்பவள் அவள்தான். அவள் இருக்கிற நாளில் இந்த வம்பெல்லாம் வருவதே இல்லை.

16 ஜூன், ஞாயிறு

காஷிஃப் மூன்று விளக்கு காட்டினான். ஒன்று நீளப் பட்டை. மீனுக்குப் போதும், பவளத்துக்குப் பத்தாது. இன்னொன்று ஃபோனில் ஓடுவது. "இதான் மேடம் உங்களுக்கு. டியூப்லேர்ந்து திடீர்னு மாத்துனா பவளம் தாங்காது. இது கால்வாசில ஆரம்பிச்சு நாலு வாரத்துல தானா ஏத்திக்கும். நீங்க கையே வெக்க வேணாம்." மூன்றாவது கறுப்புப் பெட்டி. அதில் நீலத்துக்கு ஒரு குமிழ், வெள்ளைக்கு ஒரு குமிழ். ஃபேன் ரெகுலேட்டர் மாதிரித் திருப்ப வேண்டியதுதான்.

எனக்குப் பெட்டிதான் பிடித்தது. கையே வைக்க வேண்டாம் என்றால் அப்புறம் எனக்கு என்ன வேலை?

காஷிஃப் தலையைச் சொறிந்தான். "அப்ப வெளிச்சம் அளக்கற மீட்டர் வெச்சுதான் செட் பண்ணணும் மேடம். இந்த நீலம் கண்ணுக்குக் கம்மியாத் தெரியும், ஆனா பவளத்தைச் சுட்டுடும். கண்ணால பாத்து வெக்காதீங்க."

"காஷிஃப், நான் கண்ணால பாத்துதான் சாதம் சாப்பிடறேன்" என்றேன்.

சிரித்துவிட்டான். மீட்டரை யாரோ இரவல் வாங்கிப்போயிருக்கிறார்களாம், வந்ததும் கொண்டுவருகிறேன் என்றான். வேண்டவே வேண்டாம் என்றேன். நாற்பது நீலத்தைப் பெயர் சொல்லிப் பிரிக்கிறவளுக்கு ஒரு குமிழைத் திருப்பத் தெரியாதா?

18 ஜூன்

மாட்டியாச்சு. பழைய டியூப் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியுமோ அதே அளவுக்கு வைத்தேன். முதலில் நீலம் பாதி. மங்கலாக இருந்தது. முக்காலுக்குத் தள்ளினேன், சரியாக வந்தது.

இவர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்ன ஹம்சா, ஆத்துக்குள்ள வெல்டிங் பண்றாப்ல இருக்கே. கண்ணு கூசறது" என்றார். இவருக்கு எல்லாமே அதிகம்தான். சாம்பாரில் காரம் அதிகம், டி.வி.யில் சத்தம் அதிகம். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். நீலம், பச்சை, சிவப்பு தாண்டி நாலாவது நிறத்துக்குப் பெயர் தெரியாது. மயில் கழுத்து என்று சொன்னால் மயிலைத் தேடுவார்.

"பேப்பர் படிக்க உள்ள ரூம் இருக்கே" என்றேன். எழுந்து போய்விட்டார்.

23 ஜூன்

எதிர் ஃப்ளாட் மஹதி லிஃப்டில் பிடித்துக்கொண்டாள். "மாமி, உங்காத்து ஹால்லேர்ந்து அப்படி ஒரு நீலம் அடிக்கறதே! கீழ போலீஸ் வண்டி வந்திருக்குன்னு நெனச்சேன்." சிரித்து வைத்தேன். மயிலாப்பூரில் யாருக்கும் அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்க்காமல் பொழுது போகாது.

ஆனால் அவ்வளவு நீலமாகவா இருக்கிறது? எனக்கு அப்படித் தெரியவில்லையே.

30 ஜூன்

வில்லைகள் வெளுக்கின்றன. ஓரத்து மயில் கழுத்தைக் காணோம். அலசி அலசிச் சாயம் போன துணி மாதிரி இருக்கிறது. பட்டினிதான், வேறென்ன? வெளிச்சம் பத்தவில்லை. நீலத்தை முழுசாகத் திருப்பினேன்.

4 ஜூலை

பாண்டி பஜாரில் ரோடு தாண்டும்போது இடது பக்கமாக ஒரு டூவீலர். வந்ததே தெரியவில்லை. முழங்கையில் சிராய்ப்பு. "பாத்து வரக்கூடாதா மேடம்" என்று என்னையே திட்டிவிட்டுப் போனான். நான் பார்த்துத்தான் வந்தேன்.

7 ஜூலை

சுருங்குகின்றன. பாதி உள்ளங்கை அளவு இருந்தது ரூபாய் நாணயம் அளவுக்கு வந்துவிட்டது. வெள்ளைக் குமிழையும் ஏற்றினேன்.

12 ஜூலை

காலையில் ஒரு வில்லை பாறையிலிருந்து கழன்று மிதந்துகொண்டிருந்தது. கையில் எடுத்தேன், சளி மாதிரி விரலிடுக்கில் வழிந்தது. ஆறு வருஷத்தில் ஒன்றுகூட இப்படிப் போனதில்லை. கடைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன். காவேரியிடம் பஸ் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன்.

14 ஜூலை

இன்று மட்டும் ஒன்பது.

21 ஜூலை, ஞாயிறு

இவர் எனக்குத் தெரியாமல் காஷிஃபுக்கு ஃபோன் செய்திருக்கிறார். காலை எட்டு மணிக்கு மீட்டரோடு வந்து நின்றான். கூடத்துக்குள் நுழைந்ததும் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு, "யா அல்லா! இன்னா மேடம் இது?" என்றான்.

மீட்டர் என்பது ஒரு குச்சி. ஒரு நுனியில் வெள்ளைப் பொத்தான், மறுநுனியில் எண் காட்டும் சின்னப் பெட்டி. குச்சியைத் தண்ணீருக்குள் விட்டுப் பாறைக்கு மேலே பிடித்தான். முன்னூற்று நாற்பது.

"எவ்வளவு இருக்கணும்?"

"காளானுக்கு அறுபது போதும் மேடம். அஞ்சு பங்குக்கு மேல வெச்சு வறுத்துகினு இருந்திருக்கீங்க." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பட்டினி என்று நினைத்து ஏற்றினேன். வெளுக்க வெளுக்க ஏற்றினேன். ஒரு மாதமாக. என் கையாலேயே. நான்தான் கொன்றேன்.

குமிழ்களைத் திருப்பித் திருப்பி அறுபதில் கொண்டுவந்து நிறுத்தினான். "இப்ப சரியா இருக்கு. உங்களுக்கு எப்டித் தெரியுது மேடம்?"

"இருட்டா இருக்கே."

இவர் காஷிஃபைப் பார்த்தார். காஷிஃப் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாக, "இது நல்ல வெளிச்சம் மேடம். கண்ணு செக் பண்ணி எவ்ளோ நாளாச்சு?" என்றான்.

சுள்ளென்று கோபம் வந்தது. விளக்கு விற்கிறவன் விளக்கை மட்டும் பார்த்தால் போதும் என்றேன். பாவம், கலந்து வைத்த காபியைக்கூடக் குடிக்காமல் போனான்.

22 ஜூலை

இரண்டு வருஷம் முன்னால் கண்ணாடிக் கடைப் பெண் சொன்னாள். "கண்ணுல பிரஷர் கொஞ்சம் ஜாஸ்தி மாதிரி இருக்கு, டாக்டர்கிட்ட காட்டிடுங்க மேடம்." அப்போது ஆடித் தள்ளுபடி நேரம். பிறகு மறந்துபோச்சு.

மறக்கவில்லை. பொய் எழுதாதே. பயந்துண்டு போகலை.

24 ஜூலை

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் அலமாரியிலிருந்து நானே ஏழு துண்டு எடுத்தேன். ஏழும் வேறு வேறு நீலம் என்று நினைத்துத்தான் எடுத்தேன். வாசல் படியில் வரிசையாகப் போட்டேன். நல்ல வெயில். காவேரியைக் கூப்பிட்டு, "என்னென்ன நிறம், சொல்லு" என்றேன்.

அவள் துணியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லு காவேரி. பொய் சொல்லாதே."

"நாலு நீலம்க்கா. மூணு பச்ச."

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"போன தீவாளிலேர்ந்துக்கா. நீங்க தப்பா எட்த்து குட்த்தா வெட்டறதுக்கு முன்னாடி நான் மாத்திக்குவேன். நீங்க பில்லு போட்டுகினு இருப்பீங்க."

"ஏன் சொல்லலை?"

"எப்டிக்கா சொல்றது? உங்க கண்ண நம்பித்தானே இந்தக் கடையே கீது."

அவள்தான் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஒன்பது மாதமாக ஜனங்கள் மெச்சிக்கொண்டது என் கண்ணை இல்லை, அவள் கண்ணை. அவள் லீவு போட்ட ஒரு நாள், அன்றைக்குக் கொடுத்த துணி திரும்பி வந்தது. அது போதாதா எனக்குப் புரிய? அவளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. கோபம் அடங்கியதும் அவமானம். துணிகளை மடிக்காமல் அப்படியே படியில் விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். அவள் பொறுக்கி எடுத்து, தனித்தனியாகப் பிரித்து அலமாரியில் வைத்தாள். எந்தத் தட்டில் வைத்தாள் என்று நான் பார்க்கவில்லை.

2 ஆகஸ்ட்

கண் ஆஸ்பத்திரி. ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து நேராகப் பார்க்க வேண்டும். எங்கேயாவது வெளிச்சப் பொட்டு தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். ரொம்ப நேரம் ஒன்றுமே தெரியவில்லை. மெஷின் நின்றுபோச்சா என்று கேட்டேன். "இல்ல மேடம், ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்றாள் அந்தப் பெண்.

க்ளாக்கோமா, அந்தக் கண் பிரஷர்தான். இடது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது. வலதில் கால்வாசி. டாக்டர் நல்ல மாதிரி, சுற்றி வளைக்கவில்லை. "போனது வராதும்மா. சொட்டு மருந்தை விடாம போட்டா இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்." நிறத்தைப் பற்றிக் கேட்டேன். இந்த நோயில் சிலருக்கு நீலம்தான் முதலில் குழம்புமாம்.

நீலம்தான் போகணுமா? வேறே எதுவும் கிடைக்கலையா அதுக்கு?

ஆட்டோவில் திரும்பும்போது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மந்தைவெளி வரை விடவே இல்லை.

11 ஆகஸ்ட்

காஷிஃபிடம் ஃபோனில் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க மேடம்" என்றான். வெளுத்த பவளம் உடனே சாகாது, வெளிச்சம் சரியானால் இரண்டு மாதத்தில் மெதுவாக நிறம் திரும்பலாம் என்கிறான். அப்படித் திரும்பாமல் வெள்ளையாகவே இருந்தால் தெரியப்படுத்தச் சொன்னான், வேறு வைத்தியம் இருக்கிறதாம்.

பத்தொன்பது மிச்சம் இருக்கின்றன. எனக்கு வெள்ளையாகத்தான் தெரிகின்றன. ஆனால் எனக்குத் தெரிவதற்கு இனிமேல் என்ன மதிப்பு? இவரைக் கூப்பிட்டு தொட்டி எதிரில் உட்காரவைத்தேன்.

"என்ன நிறம்?"

"நீலம்."

"நிஜமா?"

"நிஜமாத்தான் ஹம்சா. நல்ல நீலமா இருக்கு."

அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் வராதது இப்போது வந்தது. இனி தினமும் காலையில் இவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. முப்பது வருஷமாக இவர் கண்ணைக் கேலி செய்தாயிற்று, இனி அதுதான் கதி.

18 ஆகஸ்ட்

நீலம் என்கிறார். காஷிஃபுக்கும் அப்படியே சொல்லிவிட்டேன்.

25 ஆகஸ்ட்

நீலம். எனக்கு வெள்ளை.

கடையில் துணி எடுத்துப் போடுவது இன்னமும் நான்தான். மாற்றிவைத்து வெட்டுவது காவேரி. முன்பு எனக்குத் தெரியாமல் நடந்தது, இப்போது தெரிந்தே நடக்கிறது. ஒருத்தரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஹம்சா மேட்சிங்கில் ஹம்சாவுக்கு நிறம் தெரியாது என்றா?

8 செப்டம்பர்

பதினாறு. மூன்று கழன்று போயின. நிறம் திரும்பியது ஏன் சாகிறது என்று இவரைக் கேட்டேன். பழைய காயமாக இருக்கும் என்றார். இருக்கலாம். இவருக்குத்தான் தெரிகிறதே.

22 செப்டம்பர், ஞாயிறு

பதினொன்றுதான் இருக்கிறது என்றதும் காஷிஃப் நேரில் வந்தான். தொட்டி எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தான். "சார், நீங்க இத நீலம்னா சொன்னீங்க?"

"ஆமா. நீலமாத்தானே இருக்கு?"

காஷிஃப் வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்று கேட்டான். ஒரு வில்லையைத் தண்ணீரோடு அதில் அள்ளிக்கொண்டு பால்கனிக்குப் போனான். நாங்கள் இரண்டு பேரும் பின்னாலேயே போனோம். வெயிலில் கிண்ணத்தை நீட்டினான்.

வில்லை வெள்ளையாக இருந்தது. கிண்ணம் எங்கே முடிகிறது, வில்லை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாத வெள்ளை.

"நீல லைட்டுக்குக் கீழ வெள்ள வேட்டியக் காட்டுனாகூட நீலமாத்தான் தெரியும் சார்" என்றான். அவன் குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. முன்பே தெரிந்திருந்தால் நிழலில் வைத்து, கையால் தீனி கொடுத்து நாலைந்தையாவது காப்பாற்றியிருக்கலாமாம். இப்போது இவற்றில் உயிர் இருக்கிற மாதிரித் தெரியவில்லையாம்.

இவர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் பொய் சொல்லலை ஹம்சா. எனக்கு நீலமாத்தான் தெரிஞ்சுது."

தெரியும். இவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். இவர் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, விளக்கு நீலம், அதனால் நீலமாகத் தெரிந்தது. என் கண்ணுக்கு அந்த நீலம் எட்டவே இல்லை, அதனால் வெள்ளை, வெள்ளையாகவே தெரிந்தது. ஆறு வாரமாக என் கண்தான் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக வந்தவர் போனவரையெல்லாம் வாசலுக்குப் போய்ப் பாருங்கள் என்று விரட்டினவள். என் தொட்டியிலிருந்து ஒரே ஒரு வில்லையை எடுத்து நாலு எட்டு நடந்து வெயிலில் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோணலை? ஏன்டி தோணலை உனக்கு?

6 அக்டோபர்

மீன் இரண்டையும் காஷிஃப் எடுத்துப்போனான். விளக்கையும் கழற்றிக் கொடுத்துவிட்டேன். தொட்டியில் வெறும் பாறை. காலைக் காபியைச் சமையலறையிலேயே நின்றபடி குடித்துவிடுகிறேன்.

20 அக்டோபர், ஞாயிறு

தீபாவளிக் கூட்டம். நடுவில் அந்தப் போரூர்ப் பெண் வந்து நின்றாள். இன்னொரு பட்டுப்புடவை, தங்கைக்காம். "போன தடவை மாதிரி ஆயிடக் கூடாது மேடம். உங்க கண்ணுக்குத் தப்பாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்களே பாத்துக் குடுங்க."

பழக்கம் விடுமா? எழுந்து இரண்டு துணியை எடுத்துக்கொண்டு, புடவையோடு வாசலுக்குப் போனேன். முந்தானைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே காவேரி கத்தரிக்கோலோடு தயாராக நின்றாள். நான் எதைக் கொடுத்தாலும் போதும். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

"எனக்கு நிறம் சரியாத் தெரியறதில்லைம்மா. கண்ணுல கோளாறு" என்றேன். "காவேரி, இங்க வா. நீ பாத்துச் சொல்லு."

கடைக்குள் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவேரி கத்தரிக்கோலைக் கல்லாமேல் வைத்துவிட்டு வந்தாள். துணியைத் தொடுவதற்கு முன்னால் என்னை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் வலது கைத் துணியை எடுத்தாள். "இதுதாங்க்கா."

நான் நின்ற இடத்தைக் காவேரிக்கு விட்டுக்கொடுத்து, உள்ளே வந்து பில் போட உட்கார்ந்தேன். காலையில் பெய்த மழை சுத்தமாக விட்டிருந்தது. வாசலில் வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.